பெயர் பட்டியலில் ஏறிய கதை: துன் சம்பந்தனும் தோட்டத்து வாக்காளர்களும்

நெகிரி செம்பிலானில் படிக்கும் ஒரு மாணவருக்கு 18 வயது நிறைந்தால் அவர் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலுக்குப் போய்விடுகிறது. பாரம் நிரப்ப வேண்டாம், அஞ்சலகத்தில் வரிசையில் நிற்க வேண்டாம், சாட்சி தேட வேண்டாம். 2021 டிசம்பர் 15 முதல் நாட்டில் இதுதான் நடைமுறை. அதற்கு முன்பு 21 வயது ஆக வேண்டும். அதன் பிறகும் நாமே போய்ப் பதிந்தால்தான் வாக்கு.

லாபு, ரந்தாவ், சிலியாவ், பாகாவ், தம்பின் பக்கத்துத் தோட்டங்களில் பால் மரம் வெட்டிய நம் தாத்தா பாட்டிகளுக்கு இது இவ்வளவு எளிதாக இருந்ததில்லை. வாக்காளராகப் பதிய முதலில் குடியுரிமை வேண்டும். குடியுரிமைக்கு, எங்கே பிறந்தோம், எத்தனை ஆண்டு இங்கே இருந்தோம் என்று காட்ட வேண்டும். அதற்குப் பத்திரம் வேண்டும். தோட்டத்து லயத்தில் பிறந்த பலரிடம் அந்தப் பத்திரம் இல்லை. ஒரு வாக்குச் சீட்டுக்குப் பின்னால் இத்தனை படிகள் இருந்தன.

அந்தப் படிகளில் தோட்ட மக்களை ஏற்றிவிட முயன்ற தலைவர்களில் முதலில் நினைவுக்கு வருபவர் துன் வீ.தி.சம்பந்தன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் ஒரு நீண்ட சாலைக்கு அவர் பெயர் இருக்கிறது. அந்தச் சாலையில் நடக்கும் இளைஞர்களில் எத்தனை பேருக்கு அவர் வாழ்க்கை தெரியும்?

சுங்கை சிப்புட்டில் பிறந்தவர்

வீராசாமி திருஞானசம்பந்தன் 1919 ஜூன் 16ஆம் நாள் பேரா மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். அவருடைய தந்தை வீராசாமி 1896இல் தமிழ்நாட்டிலிருந்து மலாயா வந்தவர்; உழைத்து முன்னேறி ரப்பர் தோட்ட உரிமையாளரானவர். ஆகவே சம்பந்தன் லயத்து வீட்டில் வளர்ந்த பிள்ளையல்லர். வசதியான வீட்டுப் பிள்ளை. ஆனால் ரப்பர் விலை ஏறினால் தோட்டத்தில் சிரிப்பும், இறங்கினால் பட்டினியும் வருவதைச் சிறு வயது முதல் பக்கத்திலிருந்து பார்த்தவர்.

கோலகங்சாரில் கிளிப்பர்ட் பள்ளியில் ஆங்கிலக் கல்வி பெற்றார். பிறகு கடல் கடந்து சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றார். அந்தக் காலம் இந்திய விடுதலைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம். மக்களை நேரில் சந்திப்பது, அவர்கள் மொழியில் பேசுவது, எளிய உடை உடுப்பது என்ற காந்திய அரசியலின் பழக்கங்கள் அவரிடம் கடைசி வரை இருந்தன. வேட்டி ஜிப்பாவில் அவரைப் பார்த்தவர்களே அதிகம்.

ஊர் திரும்பியபோது மலாயா மாறிப்போயிருந்தது. ஜப்பானிய ஆட்சியின் காயம் ஆறவில்லை. சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் திரும்பவில்லை. 1948 ஜூன் 16 அன்று, சம்பந்தனின் 29ஆவது பிறந்த நாளில், அவருடைய சொந்த ஊரான சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து அவசரகாலம் பிறந்தது. அது 1960 வரை நீடித்தது. தோட்டங்களைச் சுற்றி வேலி எழுந்தது. யார் உள்ளே வருகிறார்கள், யார் வெளியே போகிறார்கள் என்பதெல்லாம் கண்காணிப்புக்கு உள்ளானது. 12 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் அடையாள அட்டை கட்டாயமானதும் அப்போதுதான்.

சம்பந்தன் முதலில் கைவைத்தது கல்வியில். சுங்கை சிப்புட்டில் அவருடைய முயற்சியால் எழுந்த மகாத்மா காந்தி கலாசாலையை 1954இல் விஜயலட்சுமி பண்டிட் திறந்து வைத்தார். ஜவகர்லால் நேருவின் தங்கையான அவர் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையின் தலைவராகவும் இருந்தவர். இன்றும் அது தமிழ்ப்பள்ளியாக நடந்து வருகிறது.

பட்டியலில் இல்லாத மக்கள்

மலாயா இந்தியர் காங்கிரஸ் 1946இல் தொடங்கப்பட்டது. முதல் தலைவர் ஜான் திவி. அவருக்குப் பின் புத் சிங், கே.ராமநாதன், கே.எல்.தேவாசர் ஆகியோர் பொறுப்பு வகித்தனர். அந்நாளைய தலைவர்கள் பெரும்பாலும் நகரத்தில் வாழ்ந்த, ஆங்கிலம் படித்தவர்கள். கட்சிக் கூட்டத்தில் பேசப்படுவது தோட்டத்துக்குப் போய்ச் சேர்வது அரிது. 1955 மே மாதம் கட்சியின் ஐந்தாவது தலைவரானார் சம்பந்தன். வயது 35. அவருடைய பலம் தமிழ். பெரட்டுக் களத்தில் நிற்பவருக்கும் புரியும்படி அவரால் பேச முடிந்தது.

தலைவரான சில வாரங்களிலேயே பெரிய சோதனை வந்தது. 1955 ஜூலை 27 அன்று மலாயாவின் முதல் கூட்டரசுத் தேர்தல். மொத்தம் 52 இடங்கள். அம்னோ, ம.சீ.ச., ம.இ.கா. சேர்ந்த கூட்டணி 51 இடங்களை வென்றது. கிந்தா உத்தாரா தொகுதியில் சம்பந்தன் வெற்றி பெற்றார். துங்கு அப்துல் ரஹ்மானின் அமைச்சரவையில் தொழிலாளர் அமைச்சரானார்.

வெற்றிக்கு நடுவே ஒரு கணக்கு உறுத்தியது. அந்தத் தேர்தலில் பதிவு பெற்றிருந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களில் நூற்றுக்கு 84 பேர் மலாய்க்காரர்கள். சுமார் 11 பேர் சீனர்கள். இந்தியர்களும் மற்றவர்களும் சேர்ந்து ஐந்து விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. ஆனால் 1957 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் இந்தியர்கள் சுமார் 11 விழுக்காடு. அதாவது, மக்கள் இருந்தார்கள், வாக்காளர்கள் இல்லை.

காரணம் என்ன? 1948 கூட்டரசு ஒப்பந்தம் வைத்த குடியுரிமை நிபந்தனைகள் கடினமானவை. 1952இல் அவை ஓரளவு தளர்த்தப்பட்டன. ஆனால் விதி தளர்ந்த செய்தி தோட்டத்துக்கு வந்து சேர வேண்டுமே. வந்தாலும் பாரம் நிரப்ப ஆள் வேண்டும். பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அலுவலகம் நகரத்தில் இருந்தது. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. இவற்றோடு மனத் தயக்கமும் இருந்தது. நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்று எண்ணியிருந்தவர்கள் பலர். இங்கே குடியுரிமை வாங்கினால் ஊரில் உள்ள நிலமும் உறவும் போய்விடுமோ என்ற அச்சமும் அவர்களுக்கு இருந்தது.

மெர்டேக்காவும் ஓராண்டு அவகாசமும்

விடுதலை நெருங்கியது. அரசமைப்புச் சட்டத்தை வரைய ரீட் ஆணையம் 1956இல் அமைக்கப்பட்டது. இந்த மண்ணில் பிறந்த எவருக்கும் குடியுரிமை என்ற கோரிக்கை ம.இ.கா. தரப்பில் முக்கியமாக இருந்தது. கூட்டணிக் கட்சிகளுக்குள் நீண்ட பேச்சு நடந்தது. முடிவில் கிடைத்தது ஒரு சமரசம். 1957 ஆகஸ்டு 31 அன்றோ அதன் பிறகோ இங்கே பிறப்பவர்களுக்குப் பிறப்பாலேயே குடியுரிமை. அதற்கு முன் பிறந்தவர்களில் ஏற்கெனவே குடியுரிமை பெறாதவர்கள் விண்ணப்பிக்க வேண்டும். வெளியிலிருந்து வந்து இங்கே நீண்ட காலம் வாழ்ந்தவர்களும் விண்ணப்பிக்கலாம். விடுதலைக்குப் பிந்திய முதல் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் பலருக்கு மலாய் மொழித் தேர்வு தேவையில்லை.

இந்த ஓராண்டு அவகாசம் மிகப் பெரிய வாய்ப்பு. ஒரு நாட்டின் குடிமக்களாக ஆவதற்குத் திறந்த கதவு அது. அந்த நாட்களில் ம.இ.கா. கிளைகளும் தொழிற்சங்கத்தாரும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் தோட்டத்துக் கிராணிகளும் எத்தனையோ பேருக்குப் பாரம் நிரப்பிக் கொடுத்தார்கள். எழுத்தறிவு பெற்ற ஒருவர் ஒரு மாலை நேரம் மேசை போட்டு உட்கார்ந்தால் பத்துக் குடும்பங்களின் எதிர்காலம் மாறியது.

விளைவு அடுத்த தேர்தலில் தெரிந்தது. 1959 ஆகஸ்டு 19 அன்று நடந்த பொதுத் தேர்தலில் வாக்காளர் எண்ணிக்கை இரண்டு மில்லியனைத் தாண்டியது. இந்தியர்களின் பங்கும் உயர்ந்தது. சம்பந்தன் சுங்கை சிப்புட் நாடாளுமன்றத் தொகுதியில் வென்றார். 1974 வரை அந்தத் தொகுதியின் உறுப்பினராக இருந்தார்.

ஆனாலும் கதவு வழியாக எல்லாரும் நுழையவில்லை. விண்ணப்பிக்காமல் விட்டவர்கள், பத்திரம் இல்லாதவர்கள், செய்தியே அறியாதவர்கள் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றுவிட்டார்கள். சம்பந்தன் குடியுரிமைப் பேச்சில் இன்னும் அழுத்தமாக நின்றிருக்கலாம், மக்களைச் சென்றடைய இன்னும் வேகம் காட்டியிருக்கலாம் என்று குறை சொல்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். சிறிய சமூகத்தின் தலைவர் பெரிய மேசையில் எவ்வளவு கேட்டுப் பெற முடியும் என்பது அவர் வாழ்க்கை முழுவதும் தொடர்ந்த கேள்வி.

சிரம்பானில் இன்னொரு வாக்குப்பெட்டி

அரசியல் தேர்தலுக்கு முன்பே நெகிரி செம்பிலான் தோட்டத் தொழிலாளர்கள் வாக்களிக்கப் பழகியிருந்தார்கள். அந்தப் பழக்கத்தைத் தந்தது தொழிற்சங்கம். போருக்குப் பிந்திய ஆண்டுகளில் நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கம் உருவானது. எச்.கே.சௌத்ரியும் பி.பி.நாராயணனும் அதை வழிநடத்தினார்கள். 1923இல் பிறந்த நாராயணன் அப்போது இருபது வயதைச் சில ஆண்டுகளே கடந்த இளைஞர். 1954இல் பல தோட்டச் சங்கங்கள் ஒன்றாக இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமானபோது அவரே அதன் பொதுச்செயலாளர். பின்னாளில் அனைத்துலகச் சுதந்திரத் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்புக்கே தலைவரானார்.

தொழிற்சங்கச் சட்டப்படி நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கவும் வேலை நிறுத்தம் பற்றி முடிவெடுக்கவும் இரகசிய வாக்கெடுப்பு வேண்டும். கங்காணி பார்க்கிறாரா, மண்டோர் கோபிப்பாரா என்று அஞ்சி வாழ்ந்த ஒரு தொழிலாளிக்கு, தான் யாருக்கு வாக்களித்தோம் என்று யாருக்கும் தெரியாது என்பது புதிய அனுபவம். பால் வெட்டும் பெண்ணின் சீட்டுக்கும் சங்கத் தலைவரின் சீட்டுக்கும் எடை ஒன்றுதான். அரசியல் மேடையிலிருந்து சம்பந்தன் சொன்னதைச் சங்கத்து வாக்குப்பெட்டி செயலில் கற்றுக் கொடுத்தது எனலாம்.

பத்துப் பத்து வெள்ளியாக

விடுதலைக்குப் பின் தோட்டங்களில் புதிய ஆபத்து தோன்றியது. வெள்ளைக்கார நிறுவனங்கள் பல தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து மறுபடி விற்றார்கள். இதுதான் தோட்டத் துண்டாடல். ஒரு தோட்டம் துண்டானால் தொழிலாளிக்கு வேலை போகும். வேலையோடு லயத்து வீடும் போகும். பிள்ளைகள் படித்த பள்ளியும், கும்பிட்ட கோயிலும் யாருடைய நிலத்தில் நிற்கின்றன என்ற கேள்வி எழும். நெகிரி செம்பிலான் உட்பட மேற்குக் கரை மாநிலங்கள் பலவற்றில் இந்த அச்சம் பரவியது.

சம்பந்தன் கண்ட வழி கூட்டுறவு. 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்க்க வேண்டும். அந்தப் பணத்தில் விற்பனைக்கு வரும் தோட்டத்தைத் தொழிலாளர்களே வாங்க வேண்டும். அன்றைய கூலியில் பத்து வெள்ளி பெரிய தொகை. ஏமாந்து பழகிய மக்கள் எளிதில் நம்பவில்லை. அமைச்சர் என்ற பதவியை ஒரு பக்கம் வைத்துவிட்டுத் தோட்டம் தோட்டமாகப் போனார் சம்பந்தன். அவருடைய மனைவி உமாசுந்தரியும் இந்தப் பணியில் துணை நின்றார். மாலையில் கூட்டம், தொழிலாளர்களின் கேள்விகள், பொறுமையான விளக்கம். அடுத்த தோட்டத்தில் மறுபடி அதே வேலை.

1961இல் கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அது முதல் வெற்றி. பிறகு மற்றத் தோட்டங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. பல்லாயிரம் தொழிலாளர்கள் உறுப்பினர்களானார்கள். நேற்று வரை பால் மட்டும் வெட்டியவர் இன்று அந்த மரத்தில் ஒரு சிறு பங்குக்கு உரிமையாளர். கூட்டுறவின் அடிப்படை விதி, பங்கு எவ்வளவு இருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு என்பது. நாட்டுத் தேர்தலின் கொள்கையும் அதுதான்.

அவர் செய்ததன் எல்லையையும் சொல்ல வேண்டும். விற்பனைக்கு வந்த எல்லாத் தோட்டங்களையும் கூட்டுறவால் வாங்க முடியவில்லை. துண்டாடலால் வீடிழந்த குடும்பங்கள் நகர ஓரங்களில் குடியேறிய கதைகள் ஏராளம். ஆனால் உதவி வரும் என்று காத்திருக்காமல் மக்களே சேர்ந்து சொத்து வாங்கலாம் என்று காட்டியதில் அந்தச் சங்கத்துக்கு நிகர் குறைவு.

ஊராட்சித் தேர்தல் இருந்த காலம்

இன்றைய மாணவர்கள் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. இந்த நாட்டில் ஒரு காலத்தில் நகராட்சி மன்றத்துக்கும் மக்கள் வாக்களித்தார்கள். 1951 டிசம்பரில் ஜோர்ஜ்டவுனில் முதல் தேர்தல் நடந்தது. 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர். பிறகு சிரம்பான் உட்பட மற்ற நகரங்களும், புதுக்கிராமங்களும். 1957இல் மாநகரமான ஜோர்ஜ்டவுனின் முதல் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் டி.எஸ்.ராமநாதன். குப்பை அள்ளுவது, தெருவிளக்கு, சாக்கடை, சந்தை என அன்றாட வாழ்வின் பொறுப்புகளுக்கு யார் பதில் சொல்ல வேண்டும் என்பதை மக்களே முடிவு செய்தார்கள்.

தோட்ட மக்களுக்கு இதிலும் பெரும்பாலும் பங்கில்லை. தோட்டம் தனியார் நிலம். அது பொதுவாக நகர மன்றங்களின் எல்லைக்கு வெளியே இருந்தது. குடிநீர், விளக்கு, சாலை எல்லாம் நிர்வாகத்தின் கையில். நாடாளுமன்றத்துக்கு வாக்களித்த தொழிலாளிக்குத் தன் வீட்டு வாசலில் ஓடும் சாக்கடையைப் பற்றி வாக்கு இல்லை.

இந்தோனேசிய எதிர்ப்பு மோதலைக் காரணம் காட்டி 1965 மார்ச்சில் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. சில மன்றங்களின் நிர்வாகத்தின் மீது முறைகேட்டுப் புகார்களும் இருந்தன. அதே ஆண்டு இதை ஆராய அரச ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதன் தலைவர் சம்பந்தனின் கட்சியைச் சேர்ந்த செனட்டர் ஆதி நாகப்பன். பல ஆண்டு ஆய்வுக்குப் பின், 1968 இறுதியில் அந்த ஆணையம் தன் அறிக்கையை ஒப்படைத்தது. ஊராட்சி மன்றங்களுக்குத் தேர்தல் வேண்டும் என்பதே அதன் பரிந்துரை. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அன்று முதல் மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. ஒரு தமிழரின் தலைமையில் எழுதப்பட்ட அந்த அறிக்கை, ஊராட்சித் தேர்தலைப் பற்றிய விவாதம் எழும்போதெல்லாம் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

சிவப்பு அட்டையின் விலை

1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு நாடு வேறு திசையில் திரும்பியது. 1968இல் இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிப் பத்திரம் பெற வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. ஓராண்டு அவகாசத்தில் பாரம் நிரப்பாமல் விட்டதன் விலை இப்போதுதான் தெரிந்தது. பத்தாண்டு, இருபதாண்டு ஒரே தோட்டத்தில் உழைத்தவர்களுக்குத் திடீரென வேலை நிச்சயமில்லை. பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் கப்பலேறி இந்தியா திரும்பினார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் அவர்களோடு போனார்கள். குடியுரிமை என்பது தேர்தல் நாளுக்கு மட்டும் தேவையான ஒன்றல்ல; வேலைக்கும் கூரைக்கும் அதுவே ஆதாரம் என்பதை அந்த ஆண்டுகள் கற்பித்தன.

சம்பந்தனுக்கும் அவை கசப்பான ஆண்டுகள். 1957 முதல் சுகாதார அமைச்சராகவும், 1959க்குப் பிறகு பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு அமைச்சராகவும், 1972 முதல் தேசிய ஒற்றுமை அமைச்சராகவும் பணியாற்றினார். 1967இல் துன் விருது பெற்றார். ஆனால் கட்சிக்குள் எதிர்ப்பு வளர்ந்தது. நீண்ட நாள் தலைமை போதும், புதியவர்கள் வரட்டும் என்ற குரல் ஓங்கியது. 1973இல் கட்சித் தலைவர் பதவியை வீ.மாணிக்கவாசகத்திடம் விட்டு விலகினார். 18 ஆண்டுத் தலைமை முடிந்தது. 1974இல் அமைச்சரவையிலிருந்தும் விடைபெற்றார்.

அதன் பிறகும் அவர் விடாமல் பற்றிக்கொண்டது கூட்டுறவை. 1979 மே 18 அன்று காலமானார். அறுபது நிறைய ஒரு மாதம்கூட இல்லை. தந்தை விட்டுச் சென்ற சொத்தில் பெரும்பகுதி பொதுவாழ்வில் கரைந்துபோயிருந்தது. பதவியில் இருந்தபோது சேர்த்தார் என்று யாரும் சொல்ல முடியாத வாழ்க்கை அது.

உங்கள் கையில் உள்ளது

மாணவர்களே, நெகிரி செம்பிலானில் 18 வயது இளைஞர்கள் முதன்முறையாகச் சட்டமன்றத்துக்கு வாக்களித்தது 2023 ஆகஸ்டு 12 அன்று. மாநிலச் சட்டமன்றத்தில் 36 இடங்கள். நிலம் மாநிலத்தின் அதிகாரம். தமிழ்ப்பள்ளி நிலம், கோயில் நிலம், தோட்டம் வீடமைப்பாக மாறுவதற்கான அனுமதி எல்லாம் அங்கேதான் முடிவாகின்றன. மன்ற உறுப்பினர்களை நியமிப்பதும் மாநில அரசே. ஆகவே ஊராட்சித் தேர்தல் இல்லாத இன்றைய நிலையில், நம் தெருவுக்கு மிக அருகில் இருப்பது சட்டமன்ற வாக்குத்தான்.

பெயர் தானாகப் பதிவாகிவிடுவதால் வேலை முடிந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். மூன்று காரியங்கள் நம் பொறுப்பு.

முதலாவது, சரிபார்ப்பது. தேர்தல் ஆணையத்தின் இணையப் பக்கத்தில் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்தால் உங்கள் பெயர், தொகுதி, தேர்தல் நெருங்கும்போது வாக்களிப்பு மையம், வாக்களிப்பு அறை எல்லாம் தெரியும். தேர்தல் அறிவித்த பிறகு தேடுவதைவிட இப்போதே பார்ப்பது நல்லது.

இரண்டாவது, முகவரி. நம் மாநிலத்தில் இதுதான் பெரிய சிக்கல். செண்டாயான், நீலாய் போன்ற இடங்களில் தோட்டமாக இருந்த நிலமெல்லாம் இன்று நகரமாகிவிட்டது. குடும்பம் அடுக்குமாடிக்கு மாறிவிட்டது. மைகார்டில் மட்டும் பழைய தோட்டத்து முகவரி. உங்கள் தொகுதி அந்த முகவரியை வைத்தே முடிவாகிறது. முதலில் தேசியப் பதிவு இலாகாவில் முகவரியை மாற்றுங்கள். ஏற்கெனவே வாக்காளராக இருந்தால் அதோடு நின்றுவிடாமல், தொகுதி மாற்றத்துக்குத் தேர்தல் ஆணையத்திடம் தனியாக விண்ணப்பியுங்கள். தேர்தல் அறிவிக்கப்பட்ட பிறகு செய்யும் மாற்றம் அந்தத் தேர்தலுக்கு உதவாது.

மூன்றாவது, வாக்களிப்பு நாள். மைகார்டை மறக்காதீர்கள். இடது கை ஆள்காட்டி விரலில் மை வைப்பார்கள். சட்டமன்றத் தேர்தல் மட்டும் என்றால் ஒரு சீட்டு. நாடாளுமன்றத் தேர்தலும் ஒரே நாளில் நடந்தால் இரண்டு. விரும்பும் வேட்பாளருக்கு நேரே ஒரே ஒரு பெருக்கல் குறி. பெயரோ கையெழுத்தோ எழுதினால் வாக்கு செல்லாமல் போகலாம். சீட்டைப் படம் எடுக்கக் கூடாது. நீங்கள் யாரைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்கும் உரிமை வீட்டாருக்கும் இல்லை, முதலாளிக்கும் இல்லை.

இன்னொரு வேலையும் இருக்கிறது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள், இன்னும் சிவப்பு அட்டையோடு வாழும் முதியவர்கள் இருக்கலாம். அவர்களுக்குத் தானியங்கிப் பதிவு எதுவும் செய்யாது. அவர்களுக்கு வேண்டியது 1957இல் வேண்டியிருந்த அதே உதவிதான்: எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, பத்திரங்களைத் தேடி எடுத்து, பாரத்தை நிரப்பி, பதிவு இலாகா வரை கூட வருவது. சம்பந்தன் காலத்தில் அந்த வேலையைத் தோட்டத்துக் கிராணிகளும் ஆசிரியர்களும் செய்தார்கள். இன்று ஒவ்வொரு வீட்டிலும் படித்த பிள்ளை இருக்கிறது. வரும் பள்ளி விடுமுறையில் பாட்டியின் பழைய தகரப் பெட்டியைத் திறந்து, அதில் என்னென்ன பத்திரம் இருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள்.